போன மாதச் சர்க்கரை

கிளீவ்லாந்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஈஸ்டர் சமயத்தில் தியாகராஜ ஆராதனை நடக்கும் ஊர். 1978-இல் தொடங்கி வருடம் தவறாமல் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கும் விழா. ஊருக்கு இன்னொரு ஆராதனையும் உண்டு என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அது செப்டம்பரில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் ஸ்டேடியத்தில் நடக்கும். பழுப்பும் ஆரஞ்சுமாக உடுத்தி, சிலர் நாய் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஆரவாரமாகப் போவார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் யாரும் பேச மாட்டார்கள்.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்பது அணியின் பெயர். விளையாட்டு, கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அந்த விளையாட்டின் விதிகள் எனக்கு இன்றும் முக்கால்வாசிதான் புரியும். அதன் கணக்குப் புத்தகம் மட்டும் முழுதாகப் புரிந்துவிட்டது. காரணம், எங்கள் கணக்குப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர். பிறந்ததிலிருந்து பிரவுன்ஸ் ரசிகர்.

2017 மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் காபியோடு வந்து, "லீக்கிலேயே நாம்தான் முதலிடம்" என்றார். முந்தைய சீசனில் அந்த அணி 16 ஆட்டம் ஆடி 15-இல் தோற்றிருந்தது. ஜெயித்த ஒன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வந்தது. எதில் முதலிடம் என்று கேட்டேன். "கேப் ஸ்பேஸில்" என்றார். முகத்தில் கேலியே இல்லை.

நம் ஊரில் கேப் என்றால் இடைவெளி. அங்கே அது சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஆண்டுக் கணக்கில் இவ்வளவுக்கு மேல் எழுதக் கூடாது என்று, இந்த விளையாட்டின் லீக்கான என்எஃப்எல் போடும் கோடு. 1994-இல் முதன்முதலில் போட்டபோது 3.46 கோடி டாலர். 2017-இல் 16.7 கோடி. 2025-இல் 27.92 கோடி. லீக்கின் வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று பேசி வைத்திருக்கிறார்கள். அதை 32 அணிகளுக்கும் வகுத்தால் வருவதுதான் இந்த எண். பணக்கார முதலாளி, ஏழை முதலாளி என்ற வித்தியாசமே கிடையாது. எல்லோருக்கும் ஒரே அளவு.

ரேஷன் அட்டை மாதிரி என்று எனக்கு உடனே பிடிபட்டது. அட்டையில் இரண்டு கிலோ சர்க்கரை என்று போட்டிருந்தால், அது நம் கையில் இருக்கும் சர்க்கரை அல்ல, அதை வாங்கப் போதுமான காசும் அல்ல. வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். காசு நாம்தான் கொடுக்க வேண்டும். கேப்பும் அப்படியே. 'பிரவுன்ஸிடம் இத்தனை கோடி மிச்சம் இருக்கிறது' என்று செய்தியில் படித்துவிட்டு அந்தப் பணம் எங்கேயோ வங்கியில் கிடப்பதாக நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிடப்பது அனுமதி.

சின்ன வயதில், போன மாதம் வாங்காத சர்க்கரையை இந்த மாதம் கேட்கலாமா என்று கேட்டதற்கு, கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அமெரிக்கக் கால்பந்திலும் ரொம்ப நாள் இதே கதைதான். அந்த ஆண்டில் பயன்படுத்தாத இடம் அந்த ஆண்டோடு போய்விடும். சட்டப் புத்தகத்தில் அப்படி இருந்தது. ஆனால் கேப்பில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அவர்கள் ஓட்டிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒப்பந்தங்களில் ஊக்கத்தொகை என்று ஒன்று உண்டு: இத்தனை கெஜம் ஓடினால் இவ்வளவு கூடுதல். அதை இரண்டாகப் பிரிப்பார்கள். கிடைக்க வாய்ப்புள்ளது, கிடைக்க வாய்ப்பில்லாதது. வாய்ப்புள்ளது என்று முத்திரை விழுந்தால், இன்னும் கொடுக்காத தொகையானாலும் இந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏறிவிடும். கடைசியில் ஆட்டக்காரர் அதை எட்டவில்லை என்றால், அந்தத் தொகை அடுத்த ஆண்டு வரம்பில் வரவாகத் திரும்பி வரும். இதில் இன்னொரு துணை விதி: சீசன் நடக்கும்போது புதிதாகச் சேர்க்கும் ஊக்கத்தொகை எதுவானாலும் 'வாய்ப்புள்ளது' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, இப்போது டிசம்பர் மாதம். அணிக்கு 50 லட்சம் டாலர் இடம் மிச்சம். பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் மூன்றாம் நிலை குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கூப்பிட்டு ஒரு திருத்தம் எழுதுவார்கள்: 'மிச்சமிருக்கும் ஆட்டங்களில் இவர் முப்பது டச்டவுன் போட்டால் 50 லட்சம்'. அவர் களத்தில் இறங்கவே போவதில்லை. ஆனால் விதிப்படி அது 'வாய்ப்புள்ளது'. இந்த ஆண்டுக் கணக்கு நிரம்பிவிட்டது. ஜனவரியில் அவர் எட்டவில்லை என்று குறித்ததும், அடுத்த ஆண்டு வரம்பு 50 லட்சம் கூடிவிடும். போன மாதச் சர்க்கரை வீட்டுக்கு வந்தாயிற்று. இரண்டாயிரங்களில் பிலடெல்பியா ஈகிள்ஸ் போன்ற சாமர்த்தியமான அணிகள் இதைச் செய்துகொண்டிருந்தன. லீக்குக்கும் தெரியும், ஆட்டக்காரர் சங்கத்துக்கும் தெரியும், அந்த மூன்றாம் நிலை குவாட்டர்பேக்குக்கும் தெரியும். ஒரு கணக்கனாக நான் இதைத் தலைவணங்கி ஏற்கிறேன்.

2011-இல் முதலாளிகள் சில மாதம் கதவைப் பூட்டிவிட்டு, அப்புறம் ஆட்டக்காரர் சங்கத்தோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இந்த நாடகத்துக்கு முடிவு வந்தது. மிச்ச இடத்தில் எவ்வளவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விருப்பம் என்று அணி லீக்குக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். அடுத்த ஆண்டு அந்த அணியின் வரம்பு என்பது பொது எண்ணும் இந்த மிச்சமும் சேர்ந்தது. அதிலும் மிச்சம் விழுந்தால் அதையும் அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். காலாவதி கிடையாது.

அதற்கு முந்தின 2010-இன் கதையும் சுவாரஸ்யம். பழைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் கேப்பே இல்லாமல் போனது. வாஷிங்டனும் டல்லஸும் எதிர்காலத்தில் வர வேண்டிய சம்பளச் சுமையை அந்த வரம்பில்லாத ஆண்டுக்குள் கொட்டி முடித்துவிட்டன. மிச்சத்தை முன்னே தள்ளுவதற்கு நேர் எதிர்: செலவைப் பின்னே இழுப்பது. தடுக்க விதி எதுவும் இல்லை. இருந்தும் 2012-இல் லீக் வாஷிங்டனின் வரம்பிலிருந்து 3.6 கோடியும் டல்லஸிடமிருந்து 1 கோடியும் இரண்டு ஆண்டுகளில் வெட்டி, மற்ற அணிகளில் 28-க்கு ஆளுக்கு 16 லட்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்தது. இல்லாத வரம்பை மீறியதற்குத் தண்டனை! பக்கத்து மேசைக்காரர் டல்லஸைப் பரம எதிரியாக நினைப்பவர். அவரே இது அநியாயம் என்பார்.

மறுபடி பிரவுன்ஸுக்கு வருகிறேன். 2016-இல் அணியின் வழக்கறிஞராக இருந்த சாஷி பிரவுன், ஆட்டக்காரர்களை முடிவுசெய்யும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பேஸ்பால் உலகத்தில் புள்ளிவிவரத்துக்குப் பேர்போன பால் டிபொடெஸ்டா கூடச் சேர்ந்தார். வந்த மார்ச்சிலேயே அலெக்ஸ் மேக், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்று நல்ல ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள். ஷ்வார்ட்ஸ் பிறகு கன்சாஸ் சிட்டியோடு லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தார். இங்கே அந்த இடங்கள் மலிவாக, இளசுகளால் நிரம்பின. ஆண்டு முடிவில் மிஞ்சியது சுமார் 5 கோடி டாலர் இடம். ஆக, 2017-இல் பொது வரம்பு 16.7 கோடி என்றால் பிரவுன்ஸுக்குக் கிட்டத்தட்ட 21.7 கோடி. பக்கத்து மேசைக்காரர் சொன்ன முதலிடம் இதுதான்.

நானும் அன்று சாயங்காலமே ஓர் எக்செல் கோப்பு திறந்து, ஆட்டக்காரர்கள் பெயர், சம்பளம், தவணை என்று எழுத ஆரம்பித்தேன்.

இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கெவின் ஜெய்ட்லர், ஜேசி ட்ரெட்டர் என்று தடுப்பாட்டக்காரர்களை வாங்கினார்கள். அது எல்லா அணியும் செய்வது. அதே வாரத்தில் அவர்கள் செய்த இன்னொன்றுதான் என்னை இந்த விஷயத்தில் கட்டிப்போட்டது.

ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி முந்தைய ஆண்டு பிராக் ஆஸ்வைலர் என்ற குவாட்டர்பேக்குக்கு நான்கு ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் பேசியிருந்தது. ஒரே சீசனில் கசந்துவிட்டது. ஆனால் 2017 சம்பளமான 1.6 கோடிக்கு உத்தரவாதம் கொடுத்தாகிவிட்டது. துரத்தினாலும் கொடுத்தே ஆக வேண்டும். மார்ச் 9 அன்று ஹூஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. கூடவே 2018 டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையையும் கொடுத்தது. அதாவது, ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டதற்குக் கூலியாக உரிமை. எங்கள் பாரத்தை நீ சுமந்துகொள், உன் அட்டையில்தான் இடம் இருக்கிறதே என்ற பேரம். பிரவுன்ஸ் விற்றது இடத்தை. அந்த லீக்கில் அப்படி ஒரு வியாபாரத்தை அதற்கு முன் யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் செய்ததில்லை.

இதில் ஒரு கணக்கு நுணுக்கம் உண்டு. ஆஸ்வைலருக்கு ஹூஸ்டன் முன்பணமாக 1.2 கோடி கொடுத்திருந்தது. முன்பணம் கையில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தாலும் கேப் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துத் தவணையாக ஏறும், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. நான்கு ஆண்டுக்கு 30 லட்சம் வீதம். ஓர் ஆண்டு முடிந்துவிட்டது, மிச்சம் 90 லட்சம். ஆள் ஊரைவிட்டுப் போனாலும் அந்தத் தவணை அவரோடு போகாது. முழுவதும் உடனே ஹூஸ்டன் தலையில் விழும். ஆடாத ஆளுக்காகக் கணக்கில் இருக்கும் இந்தத் தொகைக்கு டெட் மணி என்று பெயர். பொருள் போன பிறகும் கட்டிக்கொண்டிருக்கும் ஈஎம்ஐ.

ஆஸ்வைலர் பிரவுன்ஸுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. செப்டம்பர் 1 அன்று விட்டுவிட்டார்கள். டென்வர் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ள, மீதி ஒன்றரைக் கோடி டாலரைக் கிளீவ்லாந்தே கொடுத்தது. ஒரு டிராஃப்ட் உரிமைக்கு அதுதான் விலை.

அந்த சீசனில் 16 ஆட்டமும் தோல்வி. 2018 ஜனவரி 6, சனிக்கிழமை, எலும்புக்குள் இறங்கும் குளிரில், பூஜ்ஜியம் ஜெயித்ததைக் கொண்டாட ரசிகர்களே ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். ஸ்டேடியத்தைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பூஜ்ஜியம். பக்கத்து மேசைக்காரர் கூப்பிட, நானும் போனேன். கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது. ஒருவர் சவப்பெட்டி தூக்கி வந்தார். சாஷி பிரவுனை டிசம்பரிலேயே வேலையைவிட்டு நீக்கியிருந்தார்கள். அவர் சேர்த்த இடமும் உரிமைகளும் அடுத்து வந்த ஜான் டார்சியின் கைக்குப் போயின. மரம் வைத்தவன் ஒருவன், பழம் தின்றவன் ஒருவன்.

அப்போது நான் மனத்துக்குள் சாஷி பிரவுன் கட்சி. சேமித்தவன் புத்திசாலி என்றே வளர்ந்த பிள்ளை. அந்தக் கருத்து மாறக் காரணம் என் எக்செல் கோப்புதான்.

வரம்பு பொதுவாக ஆண்டுக்காண்டு ஏறுகிறது, இடையில் கொரோனாவால் 2021-இல் 19.82 கோடியிலிருந்து 18.25-க்கு இறங்கியது. ஆனால் தள்ளி வைத்த இடத்துக்கு வட்டி கிடையாது. 2017-இல் 5 கோடி என்பது வரம்பில் 30 சதவீதம். அதே 5 கோடி 2025-இல் 18 சதவீதம்தான். ஆட்டக்காரர்களின் விலை வரம்போடு சேர்ந்து ஏறிவிடும். மண்குடத்தில் தண்ணீர் சேர்த்து வைப்பது போலக் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். மறுபக்கம், முன்பணத் தவணை என்பது எதிர்காலத்திலிருந்து வாங்கும் கடன். அதற்கும் வட்டி கிடையாது. சேமிப்புக்கும் வட்டியில்லை, கடனுக்கும் வட்டியில்லை, விலைவாசியோ ஏறுகிறது என்றால் எந்தச் செட்டியார் சேமிப்பார்? விதி சேமிக்கிறவனுக்குச் சலுகை மாதிரி தெரிகிறது. உண்மையில் அது கடன் வாங்குகிறவனின் ஊர்.

போதாததற்குச் சேமிப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. அணிகள் கருமித்தனம் பண்ணக் கூடாது என்பதற்காக, நான்காண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் வரம்பில் 89 சதவீதமாவது கைக்காசாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று 2011 ஒப்பந்தம் சொன்னது. தள்ளலாம், தள்ளிக்கொண்டே இருக்க முடியாது.

கடன்காரர்களில் பேர்போனவர்கள் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். சம்பளத்தை முன்பணமாக மாற்றி, முன்பணத்தைத் தவணையாக்கி, தவணையை ஆள் ஆடவே போகாத வெற்று ஆண்டுகளுக்கும் நீட்டி, வருடா வருடம் சமாளிப்பார்கள். வரம்பு இறங்கிய 2021-இல் மூச்சு முட்டியது. ஓய்வுபெறும் முடிவோடு இருந்த டிரூ பிரீஸ் தன் 2.5 கோடிச் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆள் தேர்வு தப்பினால் கடன் எப்படிக் கடிக்கும் என்பதற்கு டென்வர் சாட்சி: 2024-இல் ரஸ்ஸல் வில்சனை வெளியே அனுப்பியதில் 8.5 கோடி டாலர் டெட் மணி, இரண்டு ஆண்டுகளில் ஏறியது.

நான் 2019-இல் கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். 2021 ஜனவரி 11, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே எழுந்து, பிரவுன்ஸ் பிளே-ஆஃபில் பிட்ஸ்பர்க்கை 48-37 என்று அடித்ததைப் பல்கூடத் தேய்க்காமல் பார்த்தேன். ஆஸ்வைலரோடு வந்த அந்த இரண்டாம் சுற்று உரிமையில் 2018-இல் 35-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட நிக் சப் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப்பில் எழுத்தே இல்லை, முப்பது நாய் படம்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் சாஷி பிரவுனுக்குச் சிலை வைத்திருக்கலாம். ஆனால் 2022 மார்ச்சில் அதே அணி டெஷான் வாட்சனை வாங்கியது. கொஞ்சம் பின்னால் போனால் இதன் வேடிக்கை புரியும். 2017 டிராஃப்டில் 12-ஆவது தேர்வு பிரவுன்ஸுடையது. அதை ஹூஸ்டனுக்கு விற்றார்கள், ஹூஸ்டன் அதில் எடுத்தவர்தான் வாட்சன். ஐந்து ஆண்டு கழித்து அவரைத் திரும்ப வாங்க மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து, 23 கோடி டாலருக்கு முழு உத்தரவாதமும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகாரில் சிவில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், கிரிமினல் வழக்குப் பதிவாகவில்லை, லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் அபராதமும் விதித்தது. பக்கத்து மேசைக்காரர் தன் சீசன் டிக்கெட்டை அந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. வீட்டில் இரண்டு மகள்கள் என்றார், அதற்கு மேல் பேசவில்லை.

கணக்கைப் பார்த்தால் அது செயின்ட்ஸையும் மிஞ்சிய கடன். 23 கோடிக்காரரின் முதல் ஆண்டுச் சம்பளம் 10.35 லட்சம். முன்பணத் தவணையையும் சேர்த்தால் அந்த ஆண்டு கேப்பில் ஏறியது ஒரு கோடிதான். அடுத்த ஆண்டிலிருந்து சம்பளம் 4.6 கோடி. அதை முன்பணமாக மாற்றித் தள்ளினார்கள். மறுபடி மாற்றித் தள்ளினார்கள். தவணைகள் வெற்று ஆண்டுகளுக்குள் போய் உட்கார்ந்தன. 2024 அக்டோபரில் வாட்சனின் குதிகால் தசைநாண் கிழிந்தது, சில மாதத்தில் மறுபடி கிழிந்தது, 2025 சீசன் முழுக்கப் போனது. தவணைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

லீக்கிலேயே அதிகம் மிச்சம் பிடித்த அதே அணி, லீக்கிலேயே பெரிய கடனும் வாங்கிக் காட்டியது. இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். டிபொடெஸ்டாவும் அங்கேயேதான் இருந்தார்.

2025 ஜூனில், வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்ட பக்கத்து மேசைக்காரரிடமிருந்து ராத்திரி ஒரு செய்தி வந்தது. 2023 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கில் முழங்கால் உடைந்தபின் பழைய ஓட்டம் திரும்பாத நிக் சப்பை, பிரவுன்ஸ் புதுப்பிக்காமல் விட்டிருந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தில் இன்னோர் அணி எடுத்துக்கொண்டதாம். எது என்று பார்த்தால் ஹூஸ்டன்.

எக்செல் கோப்பைத் தேடித் திறந்தேன். 2017-இன் வரிசையில் ஆஸ்வைலர், 1.6 கோடி, அம்புக்குறி, இரண்டாம் சுற்று, அம்புக்குறி, சப். அதற்கடுத்த கட்டம் காலியாக இருந்தது. அவர் எழுதியிருந்ததை அப்படியே அங்கே தட்டினேன்: "கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்."